காவலும் கட்டுப்பாடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் வல்ல பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவன் நான். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தனாய் இருபதாண்டுகளுக்கு மேல் பேரேடுகளோடு காலங்கழித்து வருபவன். என்னை இவ்வாண்டு பேச அழைத்தது தலைவரின் அன்பேயன்றி என் தகுதியன்று. ஆகையால் நான் அறியாத துறையில் கால்வைக்காமல், நம் எல்லாரையும் தொடுகின்ற ஒன்றைப்பற்றிச் சில சொற்கள் சொல்லி அமைகிறேன். பயங்கரவாதத்தினின்று நம்மைக் காக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரத்தினின்று நம்மைக் காக்க எது வேண்டும்? இதுவே என் பொருள்.

இம்மும்பை மாநகரில் வாழும் நமக்கு அச்சம் என்பது ஏட்டுச் சொல்லன்று. 2006-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் மாலை, வேலை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், மேற்கு இரயில்வேயின் புறநகர் வண்டிகளில் பதினொரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எண்ணூறு பேருக்கு மேல் காயமுற்றனர். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கேட்பாரற்றுக் கிடந்த பொருள்களைப் பதிவேட்டில் எழுதும் வேலை மறுநாள் எனக்கு வாய்த்தது. குடைகள், செருப்புகள், சாப்பாட்டுப் பாத்திரங்கள், ஒரு குழந்தையின் பள்ளிப்பை. பதிவேட்டின் கடைசிப் பத்தியில் 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பத்தி பல வரிகளில் வெறுமையாகவே நின்றது. அந்த வெறுமையைக் கண்டவன் எவனும் பயங்கரவாதத்தைச் சிறிதாக எண்ண மாட்டான்.

ஆகவே முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குடிகளைக் காப்பது அரசின் முதற்கடமை. அதற்கு உளவு வேண்டும். ஐயத்துக்குரியவரைப் பிடித்து விசாரிக்கும் ஆற்றல் வேண்டும். சில வேளைகளில் பிறர் பேச்சை மறைந்து கேட்கவும் வேண்டும். ஒற்றர் அரசனுக்குக் கண் போன்றவர் என்பது வள்ளுவர் கருத்து; ஒற்றாடல் என்று தனி அதிகாரமே அவர் வகுத்திருக்கிறார். ஆனால் அதே அதிகாரத்தில் அப்பெருமகனார் மற்றொன்றும் சொல்கிறார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் அன்றோ அதனை நம்பலாம் என்கிறார். அதிகாரத்தைக் கொடுத்த கையாலேயே அதற்குக் கட்டுப்பாட்டையும் வைத்தார் வள்ளுவர். சிலப்பதிகாரத்துப் பாண்டியனோ ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டான். இரண்டாவது சொல்லைத் தேடவில்லை. அதன் விளைவை நாம் எல்லாரும் அறிவோம்.

இக்கட்டுப்பாடு என்பது என்ன என்பதை என் தொழிலிலிருந்தே விளக்க விரும்புகிறேன். என் தந்தையார் தொடக்கத்தில் ஒற்றைத்தடப் பாதையில் அமைந்த ஒரு சிறு நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். அப்பாதைகளில் டோக்கன் முறை என்று ஒன்று இருந்தது. ஓட்டுநர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நிலையத்தை விட்டு நகராது. அந்த டோக்கனை நிலையத் தலைவர் தாமாகக் கருவியிலிருந்து எடுத்துவிட முடியாது. அடுத்த நிலையத்தில் இருப்பவர் பாதை வெறுமையாக உள்ளது என்று கண்டு, தம் கருவியை இயக்கி ஒப்புதல் தந்தால்தான் இங்கே டோக்கன் வெளிவரும். ஒன்று வெளியே இருக்கும்போது மற்றொன்று வாராது. இது நிலையத் தலைவரை நம்பாததால் செய்த ஏற்பாடா? அன்று. எவ்வளவு நல்லவராயினும் மனிதர் இரவில் அயர்வார், அவசரப்படுவார், தவறாக எண்ணுவார் என்று அறிந்த பெரியோர் செய்த ஏற்பாடு. வண்டி சிறிது தாமதிக்கலாம், ஆனால் மோதாது. அந்தத் தாமதத்தைப் பாதுகாப்புக்குத் தடை என்று இரயில்வேயில் எவரும் சொல்வதில்லை, அதுவே பாதுகாப்பு.

நம் நாட்டுச் சட்டத்திலும் இத்தகைய டோக்கன்கள் உண்டு. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாகாது என்பது இன்னொன்று. இது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே எழுதப்பெற்றது. போலீசாரிடம் வாங்கிய வாக்குமூலம் எவ்வாறு வாங்கப்படும் என்பதை வெள்ளையர் அரசே அறிந்திருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியைக் காத்து வருகிறது. ஆனால் 1987-ஆம் ஆண்டுத் தடா சட்டமும், 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் இயற்றிய அமைப்புசார் குற்றத் தடுப்புச் சட்டமும், 2002-ஆம் ஆண்டுப் பொடா சட்டமும் இவ்விதியைத் தளர்த்தி, உயர் போலீஸ் அதிகாரி பெற்ற வாக்குமூலம் செல்லும் என்றன. தடா 1995-இல் காலாவதியாயிற்று. பொடா 2004-இல் நீக்கப்பெற்றது. மாநிலச் சட்டம் இன்றும் உள்ளது.

இத்தளர்வினால் நாம் பெற்றது என்ன? இந்நகரின் இரண்டு வழக்குகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முன்னர்ச் சொன்ன இரயில் குண்டுவெடிப்பு வழக்கில் அந்த மாநிலச் சட்டம் பயன்படுத்தப்பட்டது. பதின்மூவர் விசாரிக்கப்பட்டனர். 2015-இல் தனி நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. விடுவிக்கப்பட்ட அந்த ஒருவர் அதற்குள் ஒன்பதாண்டுகள் சிறையில் கழித்துவிட்டார். 2025-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் மும்பை உயர் நீதிமன்றம் எஞ்சிய பன்னிருவரையும் விடுதலை செய்தது. ஒப்புதல் வாக்குமூலங்கள் நம்பத்தக்கன அல்ல, அடையாள அணிவகுப்புச் சரியாக நடைபெறவில்லை, எத்தகைய குண்டு வெடித்தது என்பதைக்கூட அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று அத்தீர்ப்பு கூறியது. பன்னிருவருள் ஒருவர் 2021-இலேயே சிறையில் இறந்துபோயிருந்தார். மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. அம்மன்றம் இத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்று நிறுத்தி வைத்தது. ஆயினும் விடுதலையானவர் மீண்டும் சிறைக்குச் செல்ல வேண்டியதில்லை என்றும் கூறிற்று. இறுதிச் சொல் உச்ச நீதிமன்றத்துடையது. எனினும் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும், யார் செய்தது என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை இல்லாமல் நின்றோமே, இது யாருக்கு நட்டம்? சிறையிலிருந்தவர்களுக்கு மட்டுமா? என் பதிவேட்டில் கையொப்பமிட வாராத அந்த மனிதர்களுக்கும் அன்றோ? குறுக்கு வழி, குற்றமற்றவனுக்கும் தீங்கு செய்கிறது. மாண்டவனுக்கும் நீதி தாராமற்போகிறது.

இனி இரண்டாவது வழக்கு. 2008-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு நம் சத்திரபதி சிவாஜி முனையத்திலும் நகரின் பிற இடங்களிலும் நடந்த தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். உயிருடன் பிடிபட்டவன் கசாப் ஒருவனே. அவனுக்கு வழக்கறிஞர் எதற்கு, விசாரணை எதற்கு என்று நாம் அனைவரும் பேசினோம், நானும் பேசினேன். ஆனால் நீதிமன்றம் அவனுக்கு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தது. அவன் வாக்குமூலத்தைப் போலீசார் அல்லர், மாஜிஸ்டிரேட்டே பதிவு செய்தார். நிலையத்தின் காமிராப் பதிவுகளும் செய்தியாளர் எடுத்த படங்களும் சான்றாயின. 2010 மே மாதம் தண்டனை. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பர் 21-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டான். உலகில் எவரும் அத்தீர்ப்பைக் குறை கூற இடமில்லாமற்போயிற்று. அதே வழக்கில் அவனோடு நிறுத்தப்பட்ட இந்தியர் இருவர் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அதே நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் வழக்கு எளிது என்று நீங்கள் சொல்லலாம். உண்மையே. ஆனால் ஊரே கொதித்திருந்த அந்நாளில், குற்றவாளியையும் அல்லாதவரையும் ஒரே கூண்டிலிருந்து பிரித்தெடுக்க நேர்வழியால் முடிந்ததே, அதை மறக்கலாகாது.

பொடா போனபின் இன்று நடைமுறையிலுள்ள முக்கியச் சட்டம், 1967-இல் இயற்றப்பெற்றுப் பன்முறை திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 'உபா' என்று செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அதுதான். நியாயமாகச் சொல்வதானால், போலீசாரிடம் தரும் வாக்குமூலம் செல்லும் என்ற விதி இதில் இல்லை. அந்த மட்டில் இது முன்னைய சட்டங்களினும் நன்று. ஆனால் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் ஜாமீன் வழியைக் குறுக்கிவிட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்க நீதிமன்றம் இசையலாம். போலீசார் தந்த தாள்களைப் பார்த்த அளவில் குற்றச்சாட்டு உண்மை போலத் தோன்றினால் ஜாமீன் கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், அமைப்புகளை மட்டுமன்றித் தனி மனிதரையும் பயங்கரவாதி என்று அரசே அறிவிக்க இடந்தந்தது.

விசாரணை விரைந்து முடியுமானால் இதனைப் பொறுக்கலாம். முடிவதில்லையே! திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே பணிசெய்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 2020 அக்டோபரில் இச்சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டு நம் நகருக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கப்பட்டார். கைநடுக்க நோயுற்ற அம்முதியவர், நீர் பருக உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுச் செய்ய நேர்ந்தது. 2021 ஜூலை 5-ஆம் நாள், ஜாமீன் கிடைக்காமலே, 84-ஆம் வயதில் இந்நகர மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் குற்றவாளியா அல்லரா என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நீதிமன்றமும் அதனை விசாரித்து முடிவு சொல்லவில்லை என்பதே என் வருத்தம். விசாரணை பல்லாண்டு நீளுமானால் இச்சட்டத்தின்கீழும் ஜாமீன் வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒரு வழக்கில் கூறியது ஆறுதல் தருவது. அவ்வாறுதல் சிறை வாயிலை ஒவ்வொருவருக்கும் எட்டவேண்டும்.

இனி அந்தரங்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "தவறு செய்யாதவனுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? கேட்டால் கேட்கட்டுமே, பார்த்தால் பார்க்கட்டுமே" என்று நம்மில் பலர் சொல்கிறோம். இதற்கு விடையாக என் வீட்டில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன்.

1991-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. இராமநாதபுரத்துக் கடற்கரையைச் சேர்ந்த என் சித்தப்பா முறையினர் ஒருவர் வேலை தேடி வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் பேசும் தமிழை இலங்கைத் தமிழ் என்று எவரோ எண்ணிச் சொல்லிவிட்டனர். போலீசார் வந்து அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தனர். உள்ளே ஒரு கட்டுக் கடிதம் இருந்தது. ஊரில் அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண் எழுதியவை. தமிழ் அறிந்த ஒருவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, அக்கடிதங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் செய்தனர். அண்டை வீட்டார் நின்று கேட்டனர். சித்தப்பா தலைகுனிந்து நின்ற கோலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நிலையத்துக்கு அழைத்துச் சென்று மூன்றாம் நாள் விட்டுவிட்டனர். எவரும் அடிக்கவில்லை, வழக்கும் இல்லை. ஆனால் வந்த அன்றிரவே அவர் ஊருக்கு வண்டியேறினார். அதன்பின் இந்நகர்ப்பக்கம் வரவேயில்லை. அக்கடிதங்களில் மறைக்க வேண்டிய குற்றம் ஒன்றும் இல்லை, தாய்மார்களே! அவை பிறருக்கு உரியன அல்ல, அவ்வளவுதான்.

அந்த மூன்று நாளில் நம்மவருள் சிலர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டனர். ஆனால் அன்றைய நம் சங்கச் செயலாளர், சங்கத்தின் முத்திரையிட்ட தாளில், "இவரை யாம் அறிவோம், இராமநாதபுரத்தார்" என்று எழுதிக் கையொப்பமிட்டு, தந்தையாரோடு தாமே நிலையத்துக்கு நடந்தார். அந்த ஒரு தாளின் மதிப்பை என் தந்தையார் இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கொலை வழக்கிலும் தடா நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அவர்களுள் 19 பேரை மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இரண்டாவது கை ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் பத்தொன்பது உயிர் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசு அதில் தலையிடலாகாது என்று அவர்கள் சொல்லவில்லை. தலையிடச் சட்டம் இருக்கவேண்டும். தக்க நோக்கம் இருக்கவேண்டும். தலையீடு அந்நோக்கத்துக்கு ஏற்ற அளவோடு நிற்கவேண்டும் என்றனர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாகாது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே.

தொலைபேசியை ஒட்டுக்கேட்பதற்கு உள்துறைச் செயலாளர் நிலையில் எழுத்து வடிவில் ஆணை வேண்டும், அவ்வாணை இரண்டு மாதமே செல்லும், நீட்டினாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது, ஒரு குழு அதனை மறுபார்வை செய்யவேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. நல்ல ஏற்பாடுதான். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ இல்லாத ஒரு வழக்கில் ஒட்டுக்கேட்க இட்ட ஆணையைத் தள்ளுபடி செய்து, இக்கட்டுப்பாடு வெறும் ஏட்டளவில் நிற்பதன்று என்று காட்டியது. ஆனால் ஒரு குறை இருக்கிறது. ஆணையிடுபவரும் அரசு அதிகாரி. மறுபார்வை செய்யும் குழுவினரும் அரசு அதிகாரிகளே. ஒரே நிலையத்தில் இரு கருவிகளையும் வைத்து, ஒருவரே இரண்டையும் இயக்குவது போன்றதன்றோ இது? அடுத்த நிலையம் எங்கே?

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. அரசுக்கு அதிகாரம் இருக்கட்டும். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் வேறொரு துறையின் கை, குறிப்பாக நீதிபதியின் கை, டோக்கன் தரட்டும். அவ்வதிகாரத்துக்கு ஒரு கால எல்லை இருக்கட்டும். பிடித்தவரை விரைந்து விசாரிக்கட்டும். முடியாவிட்டால் ஜாமீனில் விடட்டும். தவறாகப் பிடிக்கப்பட்டுப் பல்லாண்டு இழந்தவருக்கு ஈடு கொடுக்கட்டும். இழந்த இளமையை ஈடு செய்ய இயலாதாயினும், தவற்றை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகவேனும் கொடுக்கட்டும்.

இறுதியாக நம் குடியிருப்பைப்பற்றி ஒரு சொல். வாயிலிலும் மாடிப்படிகளிலும் காமிரா வைக்கவும், வாடகைக்கு வருவோர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆகியோரின் அடையாள அட்டை நகல்களைச் சேர்த்து வைக்கவும் வரும் பொதுக்குழுவில் தீர்மானம் வர இருக்கிறது. வாயிலில் காமிரா வேண்டும் என்றே நானும் வாக்களிப்பேன். ஆனால் அதன் பதிவு முப்பது நாளில் அழியட்டும். போலீசார் எழுத்தில் கேட்டாலன்றி எவரும் அதனைப் பார்க்க வேண்டாம். அப்போதும் செயலாளரும் உறுப்பினர் ஒருவரும் கூடியிருந்தே திறக்கட்டும். வாடகைக்கு வருவோரைப்பற்றிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் முறை இந்நகரில் ஏற்கெனவே உண்டு. அதற்குமேல் ஏழைப்பெண்களின் நகல்களை நம் அலமாரியில் அடுக்குவானேன்? நாட்டின் அரசிடம் நாம் வேண்டும் கட்டுப்பாட்டை, நம் கையில் இருக்கும் சிறு அதிகாரத்துக்கு முதலில் நாமே இட்டுக்கொள்வோம்.

இன்று ஐயம் நம்மேல் இல்லை. வேறு மொழியார்மேலோ வேறு சமயத்தார்மேலோ விழுகிறது. 1991-இல் நம்மேல் விழுந்தது. நாளை யார்மேல் விழும் என்று யாரறிவார்? அவ்வாறு விழும் நாளில், ஆராயாமல் பழிசொல்லும் கூட்டத்தோடு நில்லாமல், "இவரை யாம் அறிவோம்" என்று எழுதிக் கையொப்பமிட்டு நடந்தாரே, அந்தப் பெரியவரின் வழியில் நம் சங்கம் என்றும் நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.